மஞ்சள் வைத்த மனு

மற்ற பிள்ளைகளின் மாமாக்கள் ரயிலில் வந்து, எழும்பூரில் இறங்கி, ஜட்கா பிடித்து வீட்டுக்கு வருவார்கள். எங்கள் பெரிய மாமா வீட்டோடு வந்தார்.

நாடு சுதந்திரம் அடைந்ததற்கு அடுத்த கோடை அது. எனக்கு ஒன்பதரை வயது. தியாகராய நகர் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. சந்து முனையில் அப்பாவின் பாத்திரக்கடை. ஒரு நாள் சாயங்காலம் சந்துக்குள் நீல வர்ணம் அடித்த பெரிய வண்டி ஒன்று முக்கி முனகிக்கொண்டு நுழைந்தது. அதன் பின்னாலேயே ஒரு புகை மண்டலமும் நுழைந்தது. அக்கம்பக்கத்தில் காயப்போட்டிருந்த துணிகளையெல்லாம் பெண்கள் ஓடி ஓடி எடுத்தார்கள். வண்டியின் ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டு, "ஏட்டி மருமவளே! வழி விடச் சொல்லு, வீடு வருது!" என்று கத்தியது. அம்மா வாசலுக்கு ஓடிவந்து, "அண்ணன்!" என்றாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. புகை தொண்டையை அடைத்துவிட்டது.

மாமாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம், மலையடிவாரத்து ஊரில் மரமும் கரியும் வியாபாரம். யுத்தம் முடிந்து ராணுவச் சாமான்களை ஏலம் விட்டபோது, எல்லோரும் ஜீப்பும் கூடாரத் துணியும் எடுக்க, மாமா போய் ஒரு பழைய ஆம்புலன்ஸ் வண்டியை எடுத்தார். "கல்யாண வீட்டுக்குப் போனவன் பாடையை வாங்கிட்டு வந்த மாதிரி" என்று அப்பா அப்போதே சிரித்தார். மாமா அதை வீடாக்கினார். நோயாளியைக் கிடத்தும் இரண்டு தட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, மற்றதை அத்தைக்குக் கட்டிலாக வைத்தார். ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் முருகன் படம், நடுவில் மூக்குப்பொடி நிறத்தில் ஒரு திரை. பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் வண்டியின் முதுகில் ஓர் இரும்பு அண்டாவைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தக் கரிவாயுவில் ஓட்டினார். கரிக்கு மாமாவிடம் பஞ்சமில்லை. ஏலத்தை நடத்திய வெள்ளைக்காரச் சார்ஜெண்டு ஒருவன், இந்த மாதிரி வண்டிக்குக் 'காரவான்' என்று பேர் சொன்னானாம். மாமா அதை ஊரெல்லாம் சொல்லி வைத்தார். ஊர் மட்டும் 'ஓடுற வீடு' என்றே சொன்னது.

மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளைகள் இல்லை. பூட்டிவிட்டுக் கிளம்ப ஒரு வீடும், பூட்டாமல் கிளம்ப ஒரு வீடும் இருந்தன. ராமேசுவரம், கன்னியாகுமரி, மைசூர் என்று சுற்றிவிட்டு இப்போது பட்டணத்துக்கு வந்திருந்தார்கள்.

இறங்கியதும் அத்தை எனக்கு ஒரு பாவாடை கொடுத்தாள். வெங்காயத் தோல் நிறம், கரும்பச்சைக் கரை. அத்தையே தைத்தது. என்னை அவள் பார்த்து இரண்டு வருஷமாகியிருந்தது. ஆனாலும் இடுப்பும் உயரமும் எள்ளளவு பிசகாமல் பொருந்தின. எங்கள் தெருத் தையற்காரர் நேரில் நிற்க வைத்து அளவெடுத்தே ஒரு சாண் பெரிதாகத் தைப்பவர். "எப்படி அத்தை அளவு தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "ஒன்பதரை வயசுப் பிள்ளை எவ்வளவு இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்து, பாவாடையின் ஓரத்தில் மஞ்சள் தடவினாள்.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுத் துணியில் மஞ்சள் வைத்துவிட்டு உடுத்துவது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அத்தை அத்தோடு நிற்கமாட்டாள். புதிதாக எது கைக்கு வந்தாலும், எது கையை விட்டுப் போனாலும், அதன் மூலையில் அவள் விரல் படவேண்டும். வண்டியின் ஸ்டியரிங்கில் மஞ்சள். கரி அண்டாவின் மூடியில் மஞ்சள். அப்பா அன்றைக்குக் கடையில் புதிதாக இறக்கிய குத்துவிளக்குகளுக்கெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சுற்று மஞ்சள் வைத்துவிட்டாள். "இனி தேய்ச்சு வெளக்கித்தான் விக்கணும்" என்று அப்பா அம்மாவிடம் முனகினார்.

சாப்பிடும்போது மாமா வந்த காரியத்தைச் சொன்னார். அவர்கள் ஊருக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு. மற்ற மாதங்களில் ஆடு கூட நனையாமல் தாண்டும். அடைமழைக் காலத்தில் அது ஊரை வெளியுலகத்திலிருந்து துண்டித்துவிடும். அதற்கு ஒரு பாலம் வேண்டும் என்று மாமா வருஷத்துக்கு ஒன்றாகச் சர்க்காருக்கு ஒன்பது மனு எழுதியிருந்தார்.

"ஒன்பதும் எங்க போச்சுன்னு பாக்கணும் மாப்ளே. அதுக்குத்தான் வந்தேன். சர்க்கார் இருக்கப்பட்ட இடம் ஒண்ணு விடாம பாத்துட்டுத்தான் திரும்புவேன்."

"சர்க்கார்னா ஒரு ஆளா மச்சான், போயிக் கேக்க?" என்றார் அப்பா.

"ஆள் இல்லேன்னா என்ன, கட்டடம் இருக்கும்லா? அதையாவது பாத்துட்டு வாரேன். அதோட, சர்க்கார் ஒண்ணும் மரியாதை தெரியாததில்ல. எனக்குப் பதில் போட்டிருக்கு!"

அது உண்மை. வண்டிக்குள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தப் பதில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே முத்திரை, கீழே கையெழுத்து, நடுவில் நாலு வரி டைப் அடித்த இங்கிலீஷ். இரண்டாவது மனுவுக்கு வந்த பதில் அது. அவர்கள் ஊர்ப் போஸ்ட் மாஸ்டர் எழுத்துக்கூட்டிப் படித்து, "சர்க்கார் உங்களுக்கு வாழ்த்துச் சொல்லுது. நேர்ல வரமுடியலியேன்னு வருத்தப்படுது" என்று பொருள் சொன்னாராம். யுத்த காலம், சர்க்காருக்கு ஆயிரம் ஜோலி, வரமுடியவில்லை, நியாயம்தானே என்று மாமாவும் பொறுத்துக்கொண்டார். யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரனும் போய்விட்டான். இனிமேலும் என்ன வருத்தம் என்று நேரில் கேட்டுவிடத்தான் இந்தப் பயணம். அப்பாவின் இங்கிலீஷ் பில் போடும் அளவுக்குத்தான். அவர் கண்ணாடிச் சட்டத்தை எட்டிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் வழிகாட்டியாக நான் போனேன். அப்பாவுக்குக் கடை, அம்மாவுக்கு அடுப்பு. எனக்கு விடுமுறை. தவிர, போன வருஷம் பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக நடத்திக் கொண்டுபோய் நகரத்தைக் காட்டியிருந்தார்கள். அந்த ஒரு நாள் ஞானத்தை வைத்துக்கொண்டு நான் மாமாவுக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து, தெரியாத கட்டிடங்களுக்கெல்லாம் துணிந்து பெயர் வைத்தேன். ஒரு இங்கிலீஷ் மருந்துக்கடையை ஹைக்கோர்ட் என்று சொன்னதாக ஞாபகம். மாமா அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

முதலில் மவுண்ட் ரோடில் கவர்னர் மாளிகை. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கம்பி வழியாக மாமா வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்பா, இதுல எத்தனை பேரு குடியிருக்காவ?" என்று காவல்காரனைக் கேட்டார்.

"இன்னா நைனா, தெரியாத மாரி கேக்குற? கவர்னர் ஒருத்தர்தான் கீறாரு."

"ஒருத்தருக்கு இவ்வளவு இடமா! சத்தம் போட்டுக் கூப்பிட்டாலும் கேக்காதே. அதான் கடுதாசி போய்ச் சேரலை" என்று மாமா தீர்மானமாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அடுத்து கூவத்துப் பாலம். கோடைக்காலத்துக் கூவத்தில் தண்ணீர் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. மாமா பாலத்தின் மேலேயே வண்டியை நிறுத்தி இறங்கி, கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். குனிந்து வளைவுகளை எண்ணினார். பின்னால் டிராம்காரன் மணியடித்தான். மாமா அசையவில்லை. "இங்க ஒரு பாலம், அந்தா ஒரு பாலம், அதுக்கங்குட்டு இன்னொண்ணு. ஒரு நூல் தண்ணிக்கு எத்தனை பாலம் போட்டிருக்கான் பாத்தியா மருமவளே! நமக்குத் தண்ணியக் குடுத்துட்டுப் பாலத்தைப் பூரா இங்க வச்சுக்கிட்டான்" என்றார். வாய்க்கு வாய் பதில் பேசும் அத்தை அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே ஓடும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க எந்தப் பாலம் வந்தாலும் அத்தை பேச்சை நிறுத்திவிடுவதை நான் கவனித்தேன். வண்டி ஆட்டத்தில் பயம் போலிருக்கிறது என்று நினைத்து, முன்சீட்டிலிருந்து திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கோட்டைக்குள் நாங்கள் போன கதையை அப்பா சாகிறவரை சொல்லிச் சிரித்தார். மாமா என்னதான் நீல வர்ணம் அடித்திருந்தாலும், வண்டியின் பக்கவாட்டில் இருந்த சிவப்புச் சிலுவை வெயிலில் மங்கலாக வெளியே தெரியும். கோட்டை வாசலில் நின்ற போலீஸ்காரர் அதைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். ஓடிவந்து உள்ளே எட்டிப் பார்த்தார். தட்டில் அத்தை வெயில் தாளாமல், முகத்தில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தாள்.

"அய்யய்யோ, யாருக்கு இன்னா ஆச்சு? போ நைனா, போ, சீக்கிரம் போ!" என்று கையை வீசி வழிவிட்டார். மாமா சலாம் வைத்தபடி உள்ளே போய்விட்டார். அத்தைக்கு விஷயம் தெரிந்ததும், "உசிரோட இருக்கிறவளைச் சீக்காளி ஆக்கிட்டீங்களே" என்று எழுந்து உட்கார்ந்து சண்டை பிடித்தாள்.

கோட்டையில் மாமா ஒரு ராஜாவைப் போல் உலாவினார். கொடிமரத்தை அண்ணாந்து பார்த்து, மேலே பறக்கும் புதுக் கொடிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மரத்தைக் கைவிரலால் தட்டினார். "பர்மாத் தேக்கு. வெட்டினவன் விவரமானவன்" என்று சான்றிதழ் கொடுத்தார். சட்டசபை இருந்த கட்டிடத்துக் கறுப்புத் தூண்களில் எங்கள் மூன்று பேரின் முகமும் தெரிந்தது. நான் அதில் பார்த்துப் பின்னலைச் சரிசெய்துகொண்டேன். அன்று சபை கூடவில்லை. "பேசுறவங்க யாரும் இல்லாதப்போ நல்ல அமைதியாத்தான் இருக்கு" என்றாள் அத்தை.

அங்கே நிழலில் நின்ற சேவகர் ஒருவரிடம் மாமா கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போய்க் காட்டினார். அவர் கடிதத்தின் மூலையிலிருந்த நம்பரை மட்டும் பார்த்தார். "இந்த இலாகா காயிதம் இங்க இல்ல சாமி. சண்டை டயத்துல குண்டு போடுவான்னு மூட்டை கட்டி அடையாத்தாண்ட ஒரு பங்களாவுக்கு எத்துக்கினு போனாங்க. இன்னும் அங்கதான் கீது" என்றார். எந்த இலாகா என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தப் பங்களாவும் இப்போது இல்லை.

கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பினோம். பெரிய தலைவர்கள் கூட்டம் போட்டுப் பேசும் மணல்வெளியைக் காட்டினேன். நடுப்பகலில் அங்கே இரண்டு மாடுகளும் ஒரு சுண்டல்காரனும்தான் இருந்தார்கள். மாமா இறங்கி மணலில் நின்று, துண்டை உதறித் தோளில் போட்டு, "மகாஜனங்களே! எங்க ஊருக்கு ஒரு பாலம்!" என்று ஒரு வரி பேசிவிட்டு ஏறிக்கொண்டார். சாந்தோம் தாண்டி, மயிலாப்பூரில் தெப்பக்குளத்து நிழலில் கட்டுச்சோறு சாப்பிட்டோம். கரி அண்டாவின் மூடியிலேயே அத்தை காப்பி போட்டாள். வேடிக்கை பார்த்த ஒரு பிள்ளைக் கூட்டத்துக்கு நான் என் வண்டி போல அதைச் சுற்றிக் காட்டினேன்.

அடையாற்றங்கரைப் பங்களாவைக் கண்டுபிடிக்கும்போது மூன்று மணி. மாமாவும் நானும் உள்ளே போனோம். அத்தை வண்டியில் இருந்துவிட்டாள். உள்ளே கூரை வரைக்கும் காகிதக் கட்டுகள். நடுவில் காது மடலில் பென்சில் செருகிய, ஒல்லியான, வயதான ஒரு குமாஸ்தா. அவர் கண்ணாடிச் சட்டத்தை வாங்கி ஒரு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"ஏன்யா, இது கல்யாணத்துக்கு வாழ்த்துன்னா? 'உங்காத்துக் கல்யாணப் பத்திரிகை கிடைச்சுது, நேர்ல வரமுடியாததுக்கு வருத்தம், தம்பதிகள் தீர்க்காயுசா இருக்கணும்'னு அப்போ இருந்த ஆபீசர் எழுதியிருக்கார். யாருக்குக் கல்யாணம்?"

மாமா விழித்தார். "யாருக்கும் இல்லிங்க. பாலம்."

குமாஸ்தா கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். உள்ளேயிருந்து நாலைந்து தும்மல் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு கட்டு இருந்தது. அதன் மேல் சொருகியிருந்த சீட்டில் 'கல்யாணப் பத்திரிகைகள்' என்று எழுதியிருந்தது. உண்மையான பத்திரிகைகளுக்கு நடுவிலிருந்து அவர் ஒவ்வொன்றாக உருவி மேசையில் வைத்தார். ஒன்பது உறைகள். ஒன்பதிலும் நாலு மூலையிலும் மஞ்சள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"மூலையில மஞ்சள் இருந்தா அதைக் கல்யாணக் கடுதாசின்னுதானே யாரும் நெனைப்பா? ஆபீசருக்குச் சொந்தத்துல யாரோ அனுப்பினதுன்னு ஒதுக்கி வெச்சுட்டா. முதல் ஆபீசர் மனுஷன், பிரிக்காட்டாலும் உறை மேல இருந்த விலாசத்துக்குப் பதிலாவது போட்டிருக்கார். அப்புறம் வந்தவா அதுவும் போடலை" என்றார் குமாஸ்தா. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்க வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. பாவம், மிகவும் கஷ்டப்பட்டார்.

மாமாவே முதலில் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தையின் டப்பா செய்த வேலை! பிறகு மாமா முதல் உறையைப் பிரித்து என்னிடம் நீட்டி, "படி மருமவளே" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பது போல உரக்கப் படித்தேன். ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, எல்லாவற்றிலும் ஐப்பசி என்றே தேதி இருந்தது. ஐப்பசியில்தான் மாமாவுக்கு எழுத நேரம் கிடைக்கும் போலிருக்கிறது.

"மாமா, என் பிறந்தநாளும் ஐப்பசிதான்!" என்றேன்.

"தெரியும்டி" என்று மாமா என் தலையில் கைவைத்தார். கையை எடுக்கச் சிறிது நேரமாயிற்று. சிரிப்பு நின்றுபோயிருந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குமாஸ்தாவைப் பார்த்து, "இப்ப என்ன செய்யணும் சாமி?" என்று கேட்டார்.

"புதுசா ஒண்ணு எழுதுங்கோ. நானே கொண்டுபோய் மேலே வெக்கறேன். மழைக்காலத்துக்கு முன்னாடி இடம் பார்க்க வருவா. அஞ்சு மணிக்குள்ள குடுத்துடணும். ஆனா வெள்ளைக் காகிதம், வெள்ளையாவே இருக்கணும்."

மாமாவின் கையெழுத்து கரிக்கடைக் கையெழுத்து. அதனால் நான் எழுதினேன். குமாஸ்தா சொல்லச் சொல்ல, நாக்கைக் கடித்துக்கொண்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் முழுப்பக்கம் எழுதினேன். கடைசி வரியில் மாமா கையெழுத்துப் போடும்போது, வாசலில் வளையல் சத்தம் கேட்டது. அத்தை ஒரு கையில் காப்பியும் மறு கையில் டப்பாவுமாக வந்து நின்றாள்.

"பழைய மனுவெல்லாம் இருக்கா?" என்றாள்.

"எல்லாம் பத்திரமா வச்சிருக்காவ. ஒண்ணுகூடத் தொலையலை" என்றார் மாமா. ஒரு பொய்யும் இல்லை அதில். ஒன்பது உறைகளின் மேலும் அவர் துண்டு கிடந்தது.

"நான் மஞ்சள் வச்சு அனுப்பினதுல்லா, எப்படித் தொலையும்? புதுசு எழுதியாச்சா? கொடுங்க, மஞ்சள் வைக்கேன்."

குமாஸ்தா வாயைத் திறந்தார். மாமா அவரைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை மாமாவிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை. கடனுக்கு மரம் கேட்டு வருகிறவர்கள் மாமாவை அப்படித்தான் பார்ப்பார்கள். குமாஸ்தா வாயை மூடிக்கொண்டார். மாமா மனுவை அத்தையிடம் கொடுத்தார். அத்தை மேசையில் காகிதத்தை விரித்து, நாலு மூலையிலும் நிதானமாக மஞ்சள் வைத்தாள். ஒவ்வொரு மூலைக்கும் உதடு என்னவோ முணுமுணுத்தது. என் அழகான மனு கல்யாணப் பத்திரிகையானது.

"பேஷா இருக்கும்மா" என்று குமாஸ்தா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அத்தை வண்டிக்குப் போனதும் அவர் இன்னொரு வெள்ளைக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். "இன்னொரு தடவை எழுதிடு குழந்தை" என்றார். மணி நாலேமுக்கால். கை வலிக்க வலிக்க எழுதினேன். வலியைவிடக் கோபம்தான் அதிகம். மாமா அத்தையிடம், மஞ்சள்தான் கெடுத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. எங்கள் அப்பாவாக இருந்தால் சொல்லியிருப்பார். அம்மாவாக இருந்தால் அப்பாவுக்கு முன்னால் சொல்லியிருப்பாள். கோட்டைப் போலீஸ்காரரையே ஏமாற்றிவிட்டு உள்ளே போன மனிதர், பெண்டாட்டிக்கு இப்படியா பயப்படுவது? மாமா இரண்டாவது மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மஞ்சள் மனுவை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே வரும்போது என் காதருகில், "அத்தைகிட்டச் சொல்லிராதட்டி" என்றார். குரல் கெஞ்சியது.

திரும்பும்போது நான் அத்தையோடு பின்னால் உட்கார்ந்தேன். அடையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியது. கீழே அகலமாகத் தண்ணீர், சாயங்கால வெயிலில் பளபளத்தது. அதுவரை எந்தப் பாலத்திலும் பேசாத அத்தை இந்தப் பாலத்தில் பேசினாள்.

"கண்ணு, நான் மஞ்சள் வச்ச காகிதத்தைத்தான வாங்கிக்கிட்டாரு அந்த ஐயரு?"

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மாமாவின் பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது. அது அசையாமல் இருந்தது. எனக்கு நாக்கு நுனியில் உண்மை நின்றது. உண்மை பேசவேண்டும் என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்தது. உண்மையைவிட முக்கியமாக, சொன்னால் நல்ல வேடிக்கையாகவும் இருக்கும். ஆனால் அத்தையின் விரல் நுனி மஞ்சளாக என் புதுப் பாவாடை மேல் கிடந்தது.

"ஆமா அத்தை. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு" என்றேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒன்பதரை வயதில் மடியில் உட்காருவது எனக்கு வெட்கமாக இருந்தது. மாமா காரணமே இல்லாமல் ஹாரனை ஒரு தடவை அமுக்கினார்.

அதற்கு மூன்று வருஷம் கழித்துப் பாலம் வந்தது. என் கையெழுத்தால் வந்ததா, அந்தப் பக்கம் வந்த வேறு ஏதாவது ரோட்டு வேலையோடு வந்ததா, தெரியாது. நான் என் கையெழுத்தால் என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். திறப்பு நாளன்று நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். ரிப்பன் வெட்ட வந்த பெரிய மனிதர் போன பிறகு, அத்தை டப்பாவை எடுத்துக்கொண்டு பாலத்தின் நாலு மூலைக்கும் மஞ்சள் வைக்கக் கிளம்பினாள். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. மூன்று வருஷமாகக் காப்பாற்றிய ரகசியத்தை அம்மாவின் காதில் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். மாமாவின் பயத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

அம்மா சிரிக்கவில்லை. ஆற்றைப் பார்த்தபடியே சொன்னாள். நான் பிறந்த அதே ஐப்பசியில், நான் பிறப்பதற்கு நாலு நாள் முன்னால், அத்தைக்கு வலி எடுத்தது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ஆறு கரைபுரண்டு ஓடியது. இந்தக் கரையிலேயே விடியும்வரை வண்டி நின்றது. பெண் குழந்தை, தங்கவில்லை. இனி உண்டாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருஷம் திரும்பிய நாளில் மாமா முதல் மனுவை எழுதினார். தன் கையால் மஞ்சள் வைத்துத்தான் அது போகவேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தாள்.

"பாலம் வராததுக்குக் காரணம் உன் மஞ்சள்தான்னு அவகிட்ட எந்த வாயால சொல்லுவான் எங்க அண்ணன்?" என்றாள் அம்மா.

மாமா பாலத்தின் நடுவில் நின்று கைப்பிடிச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி, அந்த ஆம்புலன்ஸ் வண்டி ஆற்றைப் பார்த்தபடி நின்றது. அத்தை நாலாவது மூலையில் மஞ்சள் வைத்துவிட்டு, "பத்து தடவை வச்சேன், பலிச்சுதா இல்லியா?" என்று கேட்டாள். "பின்னே!" என்றார் மாமா.

பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். உள்ளே பட்டுப் பாவாடையும் தாவணியும் இருந்தன. ஓரத்தில் மஞ்சள் ஏற்கெனவே வைத்திருந்தது. அன்றே உடுத்திப் பார்த்தேன், எள்ளளவும் பிசகவில்லை. அளவு எப்படித் தெரிந்தது என்று அந்தத் தடவை நான் கேட்கவில்லை.